பூட்டு என்றால் சாவி: ஒரு சொல் இன்னொரு சொல்லை எழுப்புவதை வீட்டிலேயே சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகன் தொடக்கநிலை 3 படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல் அட்டைகளை வைத்துக்கொண்டு தாத்தாவோடு உட்கார்ந்திருந்தான். "சாவி" என்ற அட்டை வந்தது. "சா... சாவ்..." என்று இழுத்தான். முந்தின வாரம் தடுமாறாமல் படித்த சொல்தான். என் அப்பா எழுத்துக்கூட்டிச் சொல்லித் தரவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே "பூட்டு" என்றார். அவ்வளவுதான். "சாவி!" என்று கத்திவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டான்.

துணைப்பாட வகுப்பு எடுக்கும் எனக்கு இது புதிதில்லை. தமிழாசிரியர்கள் எல்லோரும் இப்படி ஒரு "பூட்டு" சொல்லித்தான் பிள்ளைகளை நகர்த்துகிறோம். ஆனால் இதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு ஆய்வு இருக்கிறது என்பதும், அதை ஒரு மடிக்கணினியில் நாமே சோதித்துப் பார்க்கலாம் என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. செய்து பார்த்தேன். சொதப்பினேன். சொதப்பிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், தலைக்குள் என்ன நடக்கிறது?

நேற்று இரவு என்ன சாப்பிட்டோம் என்பது ஒரு வகை நினைவு. இட்லி என்றால் என்ன என்பது வேறு வகை. முதலாவதில் நாள், இடம், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை. இட்லியை முதன்முதலில் எப்போது அறிந்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் இட்லி தெரியும். இந்த இரண்டையும் 1972 இல் எண்டல் டுல்விங் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகையைப் பொருண்மை நினைவு என்று வைத்துக்கொள்வோம். சொற்களின் பொருள் குடியிருக்கும் வீடு அது.

அந்த வீட்டில் சொற்கள் அகராதியில் இருப்பதுபோல அகர வரிசையில் நிற்பதில்லை. "குடை"க்குப் பக்கத்தில் "குடல்" இல்லை, "மழை" இருக்கிறது. ஆலன் காலின்ஸும் எலிசபெத் லாஃப்டஸும் 1975 இல் இதை ஒரு வலையாக வரைந்தார்கள். ஒரு சொல் விழித்தால், அந்த விழிப்பு இழைகள் வழியாகப் பக்கத்துச் சொற்களுக்கும் பரவும். தூரம் போகப் போகக் குறையும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். பரவும் தூண்டல் என்று இதைச் சொல்லலாம். "மழை"யைப் படித்த கணத்தில் "குடை" ஏற்கெனவே பாதி விழித்திருக்கும். அடுத்து அந்தச் சொல் கண்ணில் பட்டால் மீதிப் பாதியை எழுப்பினால் போதும்.

இதை அளந்து காட்டியது 1971 இல் டேவிட் மேயரும் ரோஜர் ஷ்வானெவெல்டும் வெளியிட்ட ஆய்வு. இரண்டு எழுத்துக் கோவைகளைக் காட்டி, இரண்டும் உண்மையான சொற்கள்தானா என்று கேட்டார்கள். ரொட்டி, வெண்ணெய் போன்ற தொடர்புள்ள இணைகளுக்குப் பதில் சராசரியாக 855 மில்லிவிநாடியில் வந்தது. தொடர்பில்லாத இணைகளுக்கு 940. வித்தியாசம் 85 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கண் இமைக்கவே இதைவிட அதிக நேரம் ஆகும். ஆனாலும் அந்த இடைவெளி அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வகங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

முதலில் வரும் சொல்லை முன்சொல் என்றும், நேரம் அளக்கப்படும் சொல்லை இலக்குச் சொல் என்றும், இந்த முழு விளைவையும் முன்தூண்டல் என்றும் இனி எழுதுகிறேன். சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: இணைகளை உங்கள் வீட்டு ஆட்களிடமே கேட்டு வாங்குங்கள்

என் முதல் தவறு இங்கேதான். தமிழ்நாட்டுப் பாடநூல் நினைவிலேயே ஒரு பட்டியல் போட்டேன்: ஏர்–உழவன், கிணறு–வாளி, வண்டி–மாடு. அப்பாவுக்கு இவை கச்சிதமாக வேலை செய்தன. அவர் சிறு வயதில் மன்னார்குடிப் பக்கம் வளர்ந்தவர். மகனிடம் "கிணறு என்றதும் என்ன தோணுது?" என்று கேட்டால் "மைன்கிராஃப்ட்" என்றான். சிங்கப்பூரின் யீஷூன் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்குக் கிணறும் வாளியும் எங்கே பக்கத்தில் இருக்கப் போகின்றன?

எனவே இணைகளை நீங்கள் யோசிக்காதீர்கள். கேளுங்கள். சோதிக்கப் போகிறவர்களைப் போன்ற, ஆனால் சோதனையில் கலந்துகொள்ளாத பத்துப் பேரைப் பிடியுங்கள். ஒரு சொல்லைச் சொல்லி, மனத்தில் முதலில் வருவதை யோசிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ஒரே பதிலைச் சொன்னால் அந்த இணை பலமானது. ஆங்கிலத்துக்கு இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார்: 6,000க்கும் மேற்பட்டவர்களிடம் 5,019 சொற்களைக் கேட்டுத் தொகுத்தார்கள். நமக்கு 50 சொல் போதும்.

கேட்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, திசை. "மகுடி" என்றால் எல்லோரும் "பாம்பு" என்பார்கள். "பாம்பு" என்றால் "மகுடி" என்று சொல்கிறவர்கள் குறைவு. "விஷம்", "பயம்" என்று போய்விடுவார்கள். ஆகவே எதை முன்சொல்லாக வைக்கிறீர்கள் என்பது முக்கியம். இரண்டு, பழக்கத்தால் வரும் உறவும் பொருளால் வரும் உறவும் ஒன்றல்ல. ஆடும் மானும் பொருளால் நெருக்கம். நான்கு கால், கொம்பு, புல். ஆனால் "ஆடு" என்றதும் யாரும் "மான்" என்பதில்லை. "கொசு" என்றதும் என் வீட்டில் மூன்று தலைமுறையும் சொன்ன பதில் "டெங்கி". கொசு ஒரு பூச்சி, டெங்கி ஒரு நோய். இரண்டுக்கும் உருவத்தில் ஒற்றுமை எதுவுமில்லை. சேர்ந்தே கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டவை. சிங்கப்பூரில் வளர்ந்த யாருக்கும் இந்த ஒட்டல் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகைகளுக்கு அதில் பெரிய பங்கு. இட்லி–சட்னி, ஊசி–நூல், அம்மா–அப்பா போன்றவற்றில் இரண்டு உறவும் கலந்தே இருக்கும். தொடக்கத்துக்கு அவையே நல்லவை. விளைவு தெளிவாகத் தெரியும்.

படி 2: ஒரே சொல்லை இரண்டு பட்டியலில் வையுங்கள்

இது சலிப்பான வேலை. ஆனால் இதை விட்டால் மற்ற எதற்கும் பொருள் இல்லை.

தொடர்புள்ள இணையில் "குடை"யும் தொடர்பில்லாத இணையில் "கட்டுமானம்" என்ற சொல்லும் இருந்தால், "குடை" வேகமாகப் படிக்கப்பட்டதற்குக் காரணம் மழையா, அல்லது அது இரண்டே எழுத்துள்ள எளிய சொல் என்பதா? சொல்ல முடியாது. நீளம், பழக்கம் எல்லாமே வேகத்தை மாற்றும். தப்பிக்க ஒரே வழி, அதே இலக்குச் சொற்களை இரண்டு பக்கமும் பயன்படுத்துவது. இப்படி:

பட்டியல் அ: மழை–குடை, ஊசி–நூல், பூட்டு–சாவி, இட்லி–சட்னி.

பட்டியல் ஆ: மழை–சாவி, ஊசி–சட்னி, பூட்டு–குடை, இட்லி–நூல்.

முன்சொல் நான்கும் அவையே, இலக்கு நான்கும் அவையே. ஜோடி மட்டும்தான் மாறியிருக்கிறது. உண்மையான சோதனையில் 32 இலக்குச் சொற்கள் எடுத்து, 16 இணையைத் தொடர்புள்ளதாகவும் 16 இணையை மாற்றிக் கோத்ததாகவும் ஒருவருக்குக் கொடுங்கள். அடுத்தவருக்கு அப்படியே தலைகீழாக. ஒரே ஆளுக்கு ஒரே சொல் இரண்டு முறை வரக்கூடாது. இரண்டாம் முறை பார்த்த சொல் எப்படியும் வேகமாகத்தான் வரும்.

மாற்றிக் கோக்கும்போது தற்செயலாகச் சொந்தம் உண்டாகிவிடக் கூடாது. மேலே "இட்லி–நூல்" பாதுகாப்பானது என்று நினைத்தேன். வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, "டீச்சர், இட்லி சமையல் நூலா?" என்று கேட்டாள். தைக்கும் நூல், படிக்கும் நூல் என்று இரண்டு பொருள் இருப்பதை மறந்திருந்தேன். நல்லவேளையாக அது தமிழின் வேறொரு சுவையான பக்கத்துக்குக் கொண்டுபோனது. அதைப் பிறகு பார்ப்போம்.

படி 3: பொய்ச்சொல் செய்வது (இங்கே நேரம் செலவழியுங்கள்)

சோதனையில் இருப்பவர் "இது தமிழ்ச் சொல்லா, இல்லையா?" என்று இரண்டு விசைகளில் ஒன்றை அழுத்த வேண்டும். "ஆம்" என்பதே எப்போதும் சரியான பதிலாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடுவார்கள். அதனால் 32 உண்மைச் சொற்களுக்கு 32 பொய்ச்சொற்கள் வேண்டும்.

பொய்ச்சொல் பொய்யாகத் தெரியவும் கூடாது. "ண்டபு" என்று எழுதினால் யாரும் பொருளைத் தேடிப் போகமாட்டார்கள். எழுத்து வரிசையைப் பார்த்தே தள்ளிவிடுவார்கள். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ட, ற, ண, ன, ள, ழ வரிசைகளிலும் தொடங்காது (டீயும் டெங்கியும் கடன் வாங்கியவை). க், ச், ட், த், ப், ற் என்று முடியவும் முடியாது. இந்த விதிகளுக்குள் அடங்கி, நாக்கில் உருண்டு, ஆனால் பொருள் இல்லாமல் இருக்க வேண்டும். பலகை என்பதைப் "பலசை" ஆக்கலாம். கத்தரி, "கத்தணி" ஆகலாம். சட்னி, "மட்னி". பொய்ச்சொல் எவ்வளவு அசலாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு மூளை பொருள்வரை போய்த் தேட வேண்டியிருக்கும். முன்தூண்டலும் அவ்வளவுக்குத் துலக்கமாகத் தெரியும்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள். தமிழ் ஈராயிரம் ஆண்டு எழுதப்பட்ட மொழி. காலி மனையே கிடையாது. "மேசை"யை மாற்றினால் "மேதை". "வயல்" மாறினால் "கயல்". "சாவி" மாறினால் "சாணி". "உறவு" என்பதன் முதலெழுத்தை மாற்றி "நறவு" என்று எழுதி, இது நிச்சயம் பொய்ச்சொல் என்று பெருமையாகப் பட்டியலில் சேர்த்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நறவுன்னா கள்ளு. சங்கப் பாட்டுல வருது. பிள்ளைக்கு அதையா சொல்லித் தர்றே?"

அன்றிலிருந்து ஒவ்வொரு பொய்ச்சொல்லையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் தேடிப் பார்த்த பிறகே சேர்க்கிறேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி, இப்போது இணையத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. பழைய சொல்லாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது. நறவைத் தெரிந்த தாத்தா ஒருவர் வந்து உட்கார்ந்தால் உங்கள் கணக்கு கெட்டுவிடும்.

இன்னொரு பொறி ல, ள, ழ. "பழம்" என்பதைப் "பளம்" என்று மாற்றிப் பொய்ச்சொல் ஆக்காதீர்கள். பலரும் அப்படித்தான் பலுக்குகிறார்கள். மனத்துக்குள் ஒலித்துப் பார்த்துவிட்டு "சொல்தான்" என்று அழுத்திவிடுவார்கள். ர/ற, ன/ண மாற்றங்களும் அப்படியே. தொலைவான எழுத்தாக மாற்றுங்கள்.

பொய்ச்சொல்லுக்கு முன்னாலும் ஓர் உண்மையான முன்சொல் வர வேண்டும். கடிகாரம்–பலசை, தட்டு–கத்தணி என்பது போல. இல்லாவிட்டால் முன்சொல்லைப் பார்த்தே பதிலைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 4: நேரத்தை வையுங்கள்

சைகோபை, ஜேஎஸ்சைக் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. முதலாவதில் நிரல் எழுதத் தெரியாதவர்களும் பெட்டிகளை அடுக்கிச் சோதனை செய்யலாம். கைத்தொலைபேசியைத் தவிர்த்து, விசைப்பலகை உள்ள மடிக்கணினியைப் பயன்படுத்துங்கள். தொடுதிரையில் விரல் தூக்கி வைக்கும் நேரமே 85 மில்லிவிநாடியை விழுங்கிவிடும்.

எழுத்துரு ஒரு தலைவலி. என் கணினியில் முதல் நாள் "கொசு" வரும் இடத்தில் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி நின்றது. இரண்டு மாலை அதோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஒரே அளவுப் படமாகச் சேமித்துப் படங்களைக் காட்டும்படி மாற்றினேன். அசிங்கமான வழிதான், ஆனால் தப்பாத வழி.

ஒரு சுற்று இப்படிப் போக வேண்டும்: நடுவில் கூட்டல் குறி, 500 மில்லிவிநாடி. முன்சொல், 150. வெற்றுத் திரை, 50. பிறகு இலக்குச் சொல், பதில் அழுத்தும்வரை. முன்சொல் தோன்றியதற்கும் இலக்குச் சொல் தோன்றுவதற்கும் இடையே 200 மில்லிவிநாடி.

ஏன் இவ்வளவு அவசரம்? ஜேம்ஸ் நீலி 1977 இல் செய்த ஒரு சாமர்த்தியமான சோதனைதான் காரணம். "உடல்" என்ற சொல் வந்தால் அடுத்துக் கட்டடத்தின் பகுதி ஏதாவது வரும், கதவு போல, என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். அதாவது மனம் இயல்பாகப் போகிற திசைக்கு எதிராக ஆட்களைத் திருப்பிவிட்டார். இடைவெளியை 250 முதல் 2,000 மில்லிவிநாடிவரை மாற்றிப் பார்த்தார். இடைவெளி நீளமாக இருந்தபோது எதிர்பார்ப்பு வென்றது: "உடல்" வந்த பின் "கதவு" வேகமாக, "இதயம்" போன்றவை தாமதமாக. 250 இலோ நிலைமை தலைகீழ். எதிர்பார்ப்பு இன்னும் கிளம்பவே இல்லை. யாரும் எதிர்பாராத "இதயம்" வேகமாக வந்தது. தானாகப் பரவும் தூண்டல் ஒன்று, நாமாகக் கணிப்பது இன்னொன்று. முதலாவது சட்டென்று ஓடும், இரண்டாவது சோம்பி எழும். உங்களுக்கு முதலாவதைப் பார்க்க வேண்டுமென்றால் இடைவெளியைக் குறுக்குங்கள். தமிழில் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்கு 150 மில்லிவிநாடியில் முன்சொல்லைப் படிக்கவே முடியாது. அவர்களுக்கு 500, 600 என்று கூட்டலாம். ஆனால் அப்போது கணிப்பும் கலந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 5: ஆளை உட்கார வையுங்கள்

பத்துச் சுற்றுப் பயிற்சி. "வேகமாக, ஆனால் தப்பில்லாமல்" என்று மட்டும் சொல்லுங்கள். இணைகளைப் பற்றி வாய் திறக்காதீர்கள். ஆம் என்பதற்கு வலக்கை. தொலைக்காட்சியை அணையுங்கள். ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும்.

படி 6: கணக்குப் போடுங்கள்

பொய்ச்சொற்களை ஒதுக்குங்கள். தவறான பதில்களை ஒதுக்குங்கள். 200 மில்லிவிநாடிக்குக் கீழே வந்தவை கை தவறி அழுத்தியவை. 3,000க்கு மேலே வந்தவை எங்கேயோ பராக்குப் பார்த்தவை. அவற்றையும் எடுத்துவிடுங்கள். மிச்சத்தில் தொடர்புள்ளவற்றின் இடைநிலை மதிப்பு (சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்), தொடர்பில்லாதவற்றின் இடைநிலை மதிப்பு, இரண்டின் வித்தியாசம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கிடைக்கும். எல்லோருடையதையும் சேர்த்துச் சராசரி பாருங்கள். இருபது பேரையாவது பிடித்தால் நல்லது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளையின் எண்ணை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு "இவனுக்குச் சொல் வலை பலவீனம்" என்று முடிவுகட்டாதீர்கள். கூட்டத்தின் சராசரியில் முன்தூண்டல் உறுதியானது. தனி ஆளிடம் அது தள்ளாடும். ஒரே ஆளை இரண்டு முறை சோதித்தால் இரண்டு விதமாக வரலாம் என்பதை 2005 இல் ஸ்டோல்ஸ், பெஸ்னர், கார் மூவரும் காட்டியிருக்கிறார்கள். தனித்தனிச் சொல் இணைகளிலும் விளைவு ஏறி இறங்கும். அதனால்தான் 2013 இல் வெளியான பெரிய முன்தூண்டல் தரவுத் தொகுப்புக்கு 768 பேரும் 1,661 இலக்குச் சொற்களும் தேவைப்பட்டன. அதை உருவாக்கிய குழுவில் நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மெல்வின் யாப்பும் ஒருவர். மலாய்ச் சொற்களுக்கான 9,592 சொல் தரவுத்தளம் 2010 இல் வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. தமிழுக்கும் ஒருவர் செய்யட்டும், அட்டைகளை நான் கொண்டுவந்து தருகிறேன்.

என் வீட்டில் அப்பாவின் வித்தியாசம் சிறியது, மகனின் வித்தியாசம் பெரியது. ஒரே வீட்டு இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் கீத் ஸ்டானோவிச் 1980 இல் சொன்னதோடு இது பொருந்துகிறது. எழுத்தைப் பார்த்த கணத்தில் சொல்லைப் பிடித்துவிடுகிறவருக்குச் சூழலின் கைத்தாங்கல் அதிகம் தேவையில்லை. எழுத்தில் தடுமாறுகிறவர்தான் அதில் சாய்ந்துகொள்வார்.

படி 7: வீட்டு வாசிப்பில் பயன்படுத்துங்கள், ஆனால் இடமறிந்து

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காடு, தமிழ் 2.5 விழுக்காடு. நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ்ச் சொல் வலை மெலிந்தே இருக்கும். சொல் தெரியும், சொல்லுக்குச் சொல் போகும் இழைதான் இல்லை.

தெரிந்த சொல்லை வாசிக்கத் தடுமாறும்போது எழுத்துக்கூட்டச் சொல்வதற்கு முன் ஓர் உறவுச் சொல்லைக் கொடுங்கள். "அலை"யில் நின்றால் "கடல்". "மழை"யா "மலை"யா என்று குழம்பினால் "குடை" என்றோ "சிகரம்" என்றோ மெல்லச் சொல்லலாம். ஆனால் அதையே வழக்கமாக்கிவிட்டால் பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் ஊகிக்கத் தொடங்கும். என் மகன் ஒரு வாரம் "பூனை" அட்டையைப் பார்க்காமலே "நாய்க்கு அடுத்தது பூனை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அட்டைகளைக் கலைத்துப்போட்டு மறுபடி கேட்ட பிறகுதான் பிடிபட்டது. குறிப்பு ஒரு முறை, குறிப்பில்லாமல் இரண்டு முறை என்று வைத்திருக்கிறேன்.

புதுச் சொல் கற்றுத் தருவது வேறு கதை. ஒரே இனத்துச் சொற்களை ஒரே நாளில் அடுக்குவது உதவும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்: ஒரு நாள் பழங்கள், ஒரு நாள் உடை. டிங்காம் என்ற ஆய்வாளர் 1997 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிர். ஒரே வகைப் புதுச் சொற்களைச் சேர்த்துக் கற்றவர்கள் அதிகம் திணறினார்கள். ஒரு காட்சியைச் சுற்றி வரும் சொற்களைக் கற்றவர்களுக்கு எளிதாக இருந்தது. யோசித்தால் புரியும். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா மூன்றையும் ஒரே மாலையில் புதிதாகக் கற்றால், ஒன்றை எழுப்பும்போது மற்ற இரண்டும் எழுந்து நின்று "நானா?" என்று கேட்கும். தவளை, குளம், தாவு, வழவழப்பு என்று சேர்த்தால் ஒன்றோடொன்று முட்டாது. இப்போது என் வகுப்பில் "பழங்கள்" வாரம் இல்லை. "தேக்கா சந்தையில் ஒரு காலை" வாரம் உண்டு: கூடை, பேரம், ஈரம், மீன், செதில்.

சாவியை ஆங்கிலத்தில் சொல்லி நினைவூட்டலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். வேலை செய்யும்; பலமான மொழியிலிருந்து மெலிந்த மொழிக்குத் தூண்டல் நன்றாகவே கடக்கும். ஆனால் குரோலும் ஸ்டூவர்ட்டும் 1994 இல் வரைந்த மாதிரிப்படி, இரண்டாம் மொழிச் சொல் தொடக்கத்தில் நேராகப் பொருளுக்குப் போவதைவிட முதல் மொழிச் சொல் வழியாகச் சுற்றித்தான் போகும். இந்த மாதிரியோடு முரண்படும் ஆய்வாளர்களும் உண்டு. என் அனுபவத்தில், அந்தச் சுற்றுப்பாதையை நாமே அகலப்படுத்த வேண்டியதில்லை. படத்தைக் காட்டுங்கள், அல்லது சாவியையே கையில் கொடுத்துவிடுங்கள்.

படி 8: இரட்டைப் பொருள் சொற்களோடு விளையாடுங்கள்

அந்த "நூல்" விவகாரத்துக்கு வருகிறேன். மாலை, படி, ஆறு, திங்கள், நூல். தமிழில் இவை கொட்டிக் கிடக்கின்றன. "மாப்பிள்ளைக்கு மாலை போட்டார்கள்" என்ற வாக்கியத்தில் மாலை நேரம் யார் நினைவுக்கும் வராது என்றுதான் தோன்றும். ஆனால் டேவிட் ஸ்வின்னி 1979 இல் ஆங்கில இரட்டைப் பொருள் சொற்களை வைத்துச் சோதித்தபோது, அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் இரண்டு பொருளுமே விழித்தன. சூழல் ஒன்றைத்தான் சுட்டியது, ஆனாலும் இரண்டும். மூன்று அசை கடப்பதற்குள் வேண்டாதது அடங்கிவிட்டது. அதாவது திருமண வீட்டு மாலைக்குள்ளும் ஒரு நொடிப் பங்கு அந்தி சாய்ந்துவிட்டுப் போகிறது. சிலேடை எழுதிய புலவர்களுக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை.

இதை உங்கள் மென்பொருளில் சேர்க்க, வாக்கியத்தை ஒலிப்பதிவாகப் போட்டு, "மாலை" முடிந்த உடனே திரையில் "பூ" அல்லது "பொழுது" என்று காட்டி நேரம் அளக்க வேண்டும். கொஞ்சம் சிரமம். முதல் முறையே முயல வேண்டாம்.

படி 9: கணினியே வேண்டாம் என்றால், பொங்கலுக்கு உறவினர் கூடும்போது

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தலையணை, பாய், போர்வை, கனவு, கொட்டாவி, இரவு, படுக்கை, குறட்டை, ஓய்வு, தாலாட்டு, அசதி, விளக்கணை. ஒன்றரை விநாடிக்கு ஒரு சொல் வீதம் வாசியுங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் வேறு பேச்சு. பிறகு நினைவிருப்பதை எழுதச் சொல்லுங்கள். ஊகிக்கக் கூடாது, உறுதியாகத் தெரிந்ததை மட்டும்.

வாசிக்கப்படாத ஒரு சொல்லைப் பலர் எழுதுவார்கள்: தூக்கம். பன்னிரண்டு திசையிலிருந்தும் தூண்டல் வந்து அதன்மேல் குவிகிறது; கேட்டதா, தானாக எழுந்ததா என்று மனத்தால் பிரிக்க முடியாமல் போகிறது. ஹென்றி ரோடிகரும் கேத்லீன் மெக்டெர்மட்டும் 1995 இல் ஆங்கிலத்தில் இதைச் செய்தபோது வாசிக்கப்படாத அத்தகைய சொற்களில் முதல் சோதனையில் ஏறத்தாழ 40 விழுக்காடும் இரண்டாவதில் 55 விழுக்காடும் இப்படிப் பொய்யாக நினைவுகூரப்பட்டன. ஒரு சொல்லைப் படிக்க வேகம் தரும் அதே வலை, கேட்காத சொல்லையும் கேட்டதாகச் சொல்ல வைக்கிறது.

எங்கள் வீட்டில் அத்தை எழுதிய தாளில் முதல் சொல்லே "தூக்கம்". நான் வாசிக்கவில்லை என்றேன். "வாசிச்சே. உன் குரல்லயே கேட்டேன்" என்றார். தாளை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.